பால் சுற்றிய ஒயர்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி நாற்பது. தோட்டத்து இஞ்சினைக் கிளப்பி வீடுகளுக்குக் கரண்டு விட்டுச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. என் மகள் சாந்தி குளித்துவிட்டு வந்து, மறுநாள் பள்ளிக்குப் போட வேண்டிய நீலப் பினாஃபோரை மேசைமேல் விரித்து, இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். நான் சமையல்கட்டில் மீன் அலசிக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டதுபோல இருந்தது. "என்னடி?" என்று கேட்டேன். மீன் கையோடு எழுந்தேன்.

போய்ப் பார்த்தபோது அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். விழவில்லை, அழவில்லை. வலது கை பெட்டியின் பின்பக்கத்து ஒயரைப் பிடித்திருந்தது. கண் திறந்திருந்தது. உடம்பு மட்டும் மெல்ல உதறிக்கொண்டிருந்தது. நான் அவளைப் பிடிக்க ஓடினேன். என் கணவர் என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்தார். விளக்கு அணைந்தது. பிள்ளை, கொடியிலிருந்து நழுவும் துணிபோலத் தரையில் சரிந்தாள்.

அந்த ஒயரில் ரப்பர் பால் பழுப்பு நிறத்தில் சுற்றியிருந்தது. சுற்றிக் கொடுத்தவர் அக்கா.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. கோலா கெத்தில் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே எத்தனையோ அக்காமார் இருந்தார்கள். ஆனால் ரேடியோ இரைந்தாலோ, காத்தாடி சுற்ற மறுத்தாலோ, "போய் அக்காவைக் கூட்டிக்கிட்டு வா" என்றால் எந்த அக்கா என்று யாரும் கேட்டதில்லை. காலையில் பால் வெட்டப் போகும் தாய்மார்கள் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மதியத்துக்கு மேல் தொட்டில்கள் காலியானதும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். கைலி, முழங்கை வரை சட்டை, தோளில் ஒரு துண்டு. பக்கத்தில் வந்தால் குழந்தைப் பவுடர் வாசம் அடிக்கும்.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. என் கணவர் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் ரைஸ் குக்கர் வந்தபோது அக்கா அழைக்காமலே வந்தார். சோறு வெந்த பிறகும் பொத்தான் மேலே எழும்பாமல் அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். அக்கா உள்பாத்திரத்தைத் தூக்கி, அதன் அடியைத் துண்டால் துடைத்தார். பிறகு பெட்டிக்குள் விரலை விட்டு ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இதான் டீச்சர் உங்களை ஏமாத்தினவன். அடியில ஈரமும் இருக்கக் கூடாது, பருக்கையும் இருக்கக் கூடாது. சட்டி நல்லா உக்காந்தாத்தான் அதுக்குச் சூடு தெரியும்."

அன்றிலிருந்து இன்றுவரை நான் துடைக்காமல் சட்டியை வைத்ததில்லை. அவர் சொன்ன பலவற்றை நான் இன்னமும் செய்கிறேன். ஐஸ்பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, பின்னால் கை நுழைய இடம் விடு. ரேடியோவில் பழைய பேட்டரியோடு புதுசைக் கலக்காதே, பழையது புதியதைத் தின்றுவிடும். ஊருக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டுப் போ. கேசட்டை டிவி மேல் வைக்காதே. பாட்டு மங்கிப்போனால் கேசட்டைத் திட்டாதே, உள்ளே நாடா உரசும் இடத்தைப் பஞ்சில் கொலோன் தொட்டுத் துடை. இஸ்திரி போடும்போது மெல்லிய துணியில் ஆரம்பி, பருத்தியை நடுவில் போடு, கைக்குட்டையைச் சுவிட்சை அணைத்த பிறகு மிச்சச் சூட்டில் போடு. இவற்றையெல்லாம் அவர் நின்றுகொண்டேதான் சொல்வார். ஒரு வீட்டிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கதவு நிலையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டே பேசுவார்.

அவர் கத்தோலிக்கர். எந்தப் பெட்டியையும் போடுவதற்கு முன்னால் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார். அதைப் பார்த்துப் பார்த்து, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் திருநீறு பூசியவர்கள்கூட டிவியைத் தட்டுமுன் சிலுவை போடப் பழகிவிட்டார்கள். கோயில் பூசாரியே ஒலிபெருக்கியைப் போடும்முன் நெஞ்சில் கை வைத்ததை என் கணவர் பார்த்துவிட்டு வந்து சிரித்தார்.

"சாமி கோவிச்சுக்காதா?" என்று நான் பூசாரியைக் கேட்டேன்.

"சாமி கோவிச்சுக்கிட்டா சமாதானம் பண்ணிக்கலாம் டீச்சர். ஒலிபெருக்கி கோவிச்சுக்கிட்டா திருவிழா என்ன ஆவுறது?" என்றார் அவர்.

எங்கள் தோட்டத்தில் மாலையில் மட்டும்தான் கரண்டு. ரப்பர் ஆலைக்குப் பக்கத்தில் இருந்த இஞ்சின் இரவு பத்து மணிவரை ஓடும். அந்த நேரத்துக்குள் எல்லா வீட்டிலும் எல்லாம் நடக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டால் டிவிப் படம் நான்கு பக்கமும் சுருங்கி அஞ்சல் அட்டை அளவுக்கு வந்துவிடும். கரண்டு இல்லாத காலத்தில் காடி பேட்டரியில், அதாவது கார் பேட்டரியில், டிவி பார்த்தவர்கள் லயத்து ஆட்கள். அந்தப் பேட்டரிக்கு ஊற்றும் நீரைக் கூரையிலிருந்து பிடிக்கக் கூடாது, வெட்டவெளியில் சட்டியை வைத்து, மழை பெய்து சற்றுநேரம் கழித்து நேராகப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அக்காதான். அந்த நாளிலிருந்தே அவருடைய வாக்குக்கு லயத்தில் ஒரு மரியாதை.

அவரிடம் ஒன்றுதான் கிடையாது. தெரியாது என்ற பதில் அவரிடமிருந்து வந்ததேயில்லை.

இதை நான் புரிந்துகொள்ளக் கொஞ்சகாலம் ஆயிற்று. என் கணவருக்கு ஆபீசில் ஒரு கால்குலேட்டர் கொடுத்தார்கள். சட்டைப் பைக்குள் அடங்கும் தட்டையான சாமான். தோட்டத்திலேயே அதுதான் முதல். ஒருநாள் எண்கள் மங்கித் தெரிந்தன. அக்கா அதற்கு முன் அப்படியொன்றைக் கையால் தொட்டதில்லை. இருந்தாலும் வாங்கிப் பார்த்தார், காதருகே வைத்துக் கேட்டார், உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"குளிர் புடிச்சிருக்கு. வெயில்ல வைங்க கிராணியாரே."

தகரக் கூரைமேல் வைத்தோம். மதியத்தில் எடுத்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்கக் கறுப்பு. எண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது; ஆபீஸ் சாமான். அக்கா அசரவில்லை.

"அழுக்கு மேல வந்திருக்கு. ராத்திரிக்குள்ள வடிஞ்சிரும் லா."

மறுநாள் காலையில் கறுப்பு போயிருந்தது. எண்களும் தெரிந்தன. சூட்டில் கறுத்தது குளிர்ந்ததும் தானாகத் தெளிந்திருக்கிறது என்று பின்னால் ஒரு கடைக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் அக்கா கால்குலேட்டருக்கு அழுக்கு எடுத்த கதை அடுத்த தோட்டம்வரை போய்விட்டது.

எல்லாத் தடவையும் அப்படி வடியவில்லை. ரேடியோவுக்குள் கரப்பான் முட்டை வைக்கிறது என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். பூச்சி உருண்டையை உள்ளே போட்டு மூடச் சொன்னார் அக்கா. கரப்பான் போனது. கூடவே நிலையங்களின் எண்களைக் காட்டும் முன்பக்கத்துப் பிளாஸ்டிக் வெள்ளையாய்ப் புகைந்து, இளகி, ஒன்றும் தெரியாமல் ஆயிற்று. வீட்டுக்காரி கேட்டதற்கு, "உங்களுக்கு எது எங்க வரும்னு மனப்பாடமா தெரியுமே, அப்புறம் எதுக்கு அந்த நம்பரு?" என்றார். வீட்டுக்காரி அதையும் ஒப்புக்கொண்டாள். அவர் சொல்லும் விதம் அப்படி. குரலில் ஒரு துளி சந்தேகம் இருக்காது. காய்ச்சல் பிள்ளையைத் தொட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லும் குரல் அது. அந்தக் குரலைக் கேட்டால் நமக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். யோசிக்கிற வேலையை அவரிடம் ஒப்படைத்துவிடுவோம். மாலை முழுக்கப் பரீட்சைத் தாளும், சமையலும், துணியும் கிடக்கும்போது அது எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்குத் தெரியும்.

ஒருநாள் என் வீட்டு வாசலில் நின்றபடி அவரே ஒரு கதை சொன்னார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், கையை நீட்டிப் பாதியை வாங்கிக்கொண்டு உரிக்க ஆரம்பித்தார்.

"எனக்குப் பதினாறு வயசிருக்கும். துரை பங்களாவுல வேலைக்கு ஆள் கேட்டாங்க. நானும் இன்னொரு பொண்ணும் போனோம். தொரசாணி ஒரு சாமானைக் கொண்டாந்து வச்சாங்க. பன்னிக்குட்டி மாதிரி உருண்டையா, நீளமா ஒரு குழாய். இது என்னன்னு தெரியுமான்னு மலாய்ல கேட்டாங்க. அந்தப் பொண்ணு, தெரியாதும்மான்னு சொல்லிச்சி. மறுநாளு அதைப் புல்லு வெட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"நீங்க?"

"தெரியும்னேன்."

"தெரியுமா?"

"எங்கே தெரியும்? சுவிட்சைத் தட்டினேன். தூசி உறிஞ்சுற மிசின் அது, சன்னல் சீலையைப் பாதி முழுங்கிருச்சி. நான் உடனே, சீலையில தூசி ஜாஸ்தி மேடம்னேன். தொரசாணி சிரிச்சிட்டாங்க. ஒன்பது வருஷம் அங்கதான் வேலை."

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். உரித்த வெங்காயத்தைக் கொடுத்துவிட்டு, "பங்களாவுல எல்லாச் சாமானும் தொட்டேன் டீச்சர். யாரும் எனக்கு எதுவும் சொல்லிக் குடுக்கல. கேட்டா வேலை போயிரும்" என்றார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் இஸ்திரிப் பெட்டியின் ஒயர் நைந்துபோயிற்று. நூல் பின்னிய பழைய ஒயர் அது. பெட்டிக்குள் நுழையும் இடத்தில் மடிந்து மடிந்து நூல் பிரிந்து, உள்ளே செம்பு எட்டிப் பார்த்தது. புது ஒயர் மாற்ற சுங்கைப் பட்டாணிக்குத்தான் போக வேண்டும். என் கணவருக்கு மாதக் கடைசி வேலை. அக்கா பார்த்தார்.

"ரப்பர்ல கரண்டு பாயாது, சரியா? சிலிப்பர் போட்டா அடிக்காதுல்ல? நாம ரப்பருக்குள்ளேயே உக்காந்துக்கிட்டு ஒயருக்கு ஏன் பட்டணம் போவணும்?"

கேட்கும்போது அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. மரத்தில் வெட்டின காயத்தின் மேலேயே வடிந்து காய்ந்து நாடாபோல ஒட்டியிருக்கும் பாலை ஒட்டுப்பால் என்பார்கள். அதை மெல்லியதாக உரித்து வந்து ஒயரைச் சுற்றினார். அதன்மேல் கோப்பையில் இருந்த புதுப்பாலைத் தடவினார். மறுபடி சுற்று, மறுபடி பால். பிறகு வெயிலில் தொங்கவிட்டார். மாலைக்குள் அது பழுப்பாகி, அழுத்தினால் விரல் ஒட்டாமல், கடையில் வாங்கியதுபோலவே இருந்தது.

"தாங்குமா அக்கா?" என்று என் கணவர் கேட்டார்.

"போலே" என்றார் அக்கா, தாங்கும் என்பதை மலாயில். சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். பெட்டி சூடாகியது.

அடுத்த சில மாதங்களில் லயத்தில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எலி கடித்த ஒயர், மடிந்து வெடித்த ஒயர், இரண்டு துண்டை முறுக்கிச் சேர்த்த ஒயர், எல்லாவற்றுக்கும் பால் சுற்றினார்கள். காத்தாடி, டேப், மேசை விளக்கு. சிலர் அக்காவைக் கூப்பிடாமல் தாங்களே சுற்றிக்கொண்டார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரோரமாக ஒரு பழுப்பு முடிச்சு தொங்கும்.

சாந்தியைத் தோட்டத்து லோரியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். லோரி டிரைவர் மாணிக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து வந்தார். ரப்பர் மரங்களுக்கு நடுவே அந்தச் செம்மண் பாதையில் அவர் லோரியை விட்ட வேகத்தை நான் மறக்க முடியாது. வழியெல்லாம், "பாப்பா, மாமா பேசறது கேக்குதா? பாப்பா, ஹாரன் அடிக்கட்டா?" என்று பேசிக்கொண்டே வந்தார். பாதி வழியில் அவள், "அடிங்க மாமா" என்றாள். அப்போதுதான் நான் அழுதேன்.

பிழைத்துவிட்டாள். உள்ளங்கை வெந்திருந்தது. இரண்டு விரல்கள் முழுதாக மடங்க வெகுநாள் பிடிக்கும் என்றார்கள். இதயம் ஒழுங்காகத் துடிக்கிறதா என்று பார்க்க இரண்டு மூன்று நாள் வைத்துக்கொண்டார்கள். ஈரக்கால், வெறுந்தரை, குளித்த உடம்பு என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்திருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது அந்த ஒயரைக் கத்தியால் அறுத்துப் பார்த்தேன். மேல்தோல் காய்ந்த ரப்பர். உள்ளே வெள்ளை வெளேரென்று, நேற்று உறைந்த பால்போல ஈரம். அழுத்தினால் நீர் கசிந்தது. மாதக்கணக்கில் வெளியே காய்ந்து உள்ளே காயாமலே இருந்திருக்கிறது. பெட்டியின் சூட்டில் மேல்தோலும் இளகியிருந்தது. கத்தியைக் கீழே வைத்தேன். முதலில் நினைவுக்கு வந்தது என் பிள்ளை. அடுத்து நினைவுக்கு வந்தது அந்தப் பழுப்பு முடிச்சுகள் தொங்கும் வீடுகளும், அந்த வீடுகளின் பிள்ளைகளும். எல்லாரும் என் வகுப்புப் பிள்ளைகள்.

அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் தஞ்சோங் டாவாயில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். ஆயாக்கொட்டகையில் வேறொரு பெண் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆத்திரப்படக்கூடத் தெம்பில்லாத நாட்கள் அவை.

பள்ளி, ஆஸ்பத்திரி, அதன்பிறகு லயம். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பால் சுற்றிய ஒயரைக் கழற்றுங்கள், மாற்றும்வரை போடாதீர்கள். அறுத்த துண்டையும் காட்டினேன். எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள், பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கண் கலங்கக் கேட்டார்கள். ஒயரை மட்டும் யாரும் கழற்றவில்லை.

"எங்க வீட்டு காத்தாடி இத்தனை மாசமா ஓடுது டீச்சர். ஒண்ணும் ஆவல லா."

"பாப்பா ஈரக்காலோட நின்னிச்சி. அதுக்கு அக்கா என்ன செய்வாங்க?"

"அக்கா சுத்துனது சரியாத்தான் இருக்கும். உங்க பெட்டிதான் பழசு."

பாப்பாத்தி என்று ஒரு பெண். என்னோடு நன்றாகப் பழகியவள்தான். நான் திரும்பி நடந்ததும் பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது. "படிச்சவங்கல்ல? மத்தவங்க வார்த்தைக்கு மதிப்பு இருந்தா இவங்களுக்குப் பொறுக்காது."

மானேஜர் வந்து பார்ப்பதாகச் சொன்னார். இஞ்சின்காரர், மானேஜர் சொல்லாமல் கரண்டை நிறுத்த முடியாது என்றார். என் கணவர், "நீ சொல்லிட்ட. இனி அவங்க பாடு" என்றார். அவரும் களைத்திருந்தார். ஒவ்வொரு மாலையும் தூரத்தில் இஞ்சின் இருமிக் கிளம்பும் சத்தம் கேட்கும். பத்து மணிக்கு அது நிற்கும்வரை நான் காதை லயத்துப் பக்கமே வைத்திருப்பேன். சாந்திக்கு இன்று கல்யாண வயது. விடுதியில் இருந்து அவள் போன் செய்தால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றினாயா என்று இன்னமும் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று டிவியில் தமிழ்ப் படம். லயத்திலேயே பெரிய கலர் டிவி மாணிக்கம் வீட்டில்தான் இருந்தது. படத்தன்று அவர் வீட்டு முன்கட்டுச் சிமெண்டுத் தரையைக் கழுவிவிடுவார்கள். பிள்ளைகள் முன்னால் உட்காருவார்கள், பெண்கள் பின்னால், ஆண்கள் வெளியே நின்றபடி சன்னல் வழியாக. டிவி ஒயரை மழைக்காலத்தில் எலி கடித்திருந்தது. கடித்த இடத்தில் என் மணிக்கட்டு அளவுக்குப் பால் சுற்றியிருந்தது. அந்த ஒயர் பிள்ளைகள் உட்காரும் இடத்தின் குறுக்காகத் தரையிலேயே கிடந்தது.

நான் போனபோது தரை இன்னும் முழுக்கக் காயவில்லை. முதல் வரிசையில் ஒரு பையன் அந்த முடிச்சை இழுத்து இழுத்து விட்டு விளையாடிக்கொண்டிருந்தான். அவன் கையைத் தட்டிவிட்டு, வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"மாணிக்கம், இன்னைக்கு ஒருநாள் போடாதீங்க."

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க." அவர் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "நானும் பிள்ளை பெத்தவன்தான். எங்க வீட்டுது நல்லா காஞ்சிருச்சி. கையால தொட்டுப் பாருங்க."

"உங்க லோரியிலதானே என் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போனோம்? எங்க வீட்டுதும் வெளிய காஞ்சுதான் இருந்திச்சி. அறுத்துப் பாருங்க."

"அறுத்துட்டா அப்புறம் படம் எப்படிப் பாக்குறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். "டீச்சரம்மா, உங்களுக்குப் பாடப் புத்தகம், எங்களுக்குப் படம். வழி விடுங்க லா." வெளியே நின்ற ஆண்களில் ஒருவர், "பாவம், பிள்ளைக்கு அடிச்சதிலேருந்து அப்படித்தான் இருக்காங்க" என்று மற்றவரிடம் மெதுவாகச் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தூரத்தில் இஞ்சின் இருமியது. ஒருமுறை, இரண்டுமுறை, பிறகு ஒரே சீராக. கூரையில் விளக்கு மங்கலாக எரிந்து மெல்லப் பிரகாசமானது. பிள்ளைகள் கத்தினார்கள். மாணிக்கம் பிளக்கை எடுத்தார். வழக்கம்போல நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார்.

வெளியே நின்றவர்கள் விலகினார்கள். பஸ்ஸில் வந்த களைப்போடு, கையில் துணிப்பையோடு, அக்கா வந்து நின்றார். முகம் கறுத்துச் சுண்டியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு வழிவிட்டு ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மாணிக்கத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க அக்கா. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. டீச்சர் இதைப் போடாதேங்கறாங்க. நீங்களே உங்க வாயால சொல்லிருங்க. இது உள்ள காஞ்சிருச்சில்ல?"

அக்கா தரையில் கிடந்த ஒயரைப் பார்த்தார். அதன்மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். பாதிப் பேர் அவர் கையில் தொட்டிலில் வளர்ந்தவர்கள். பாப்பாத்தி பின்னாலிருந்து, "சொல்லுங்கக்கா, படம் போட்டுருவான்" என்று அவசரப்படுத்தினாள். அக்கா துணிப்பையைக் கீழே வைத்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"தெரியாதுப்பா" என்றார்.

மாணிக்கத்தின் கை பிளக்கோடு சுவரருகே நின்றது.

"உள்ள காயுமா காயாதான்னு சுத்தும்போதே எனக்குத் தெரியாது. யாருக்குச் சுத்தும்போதும் தெரியாது. அந்தக் கையை எடு மாணிக்கம். பிள்ளைங்களை எழுப்பு."